முழுத் தட்டையும் கேட்போம், அதைத் தமிழில் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் நாளிதழில் இசை பற்றி வருவது எதையும் நான் விடாமல் படிப்பவள். புதுப்படப் பாடல்கள், இசையமைப்பாளர் பேட்டி, இங்கே நடக்கப்போகும் கச்சேரி பற்றிய அறிவிப்பு, மறைந்த பாடகருக்கு அஞ்சலி. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஓர் இசைத்தட்டை எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்டு, அது தன்னை என்ன செய்தது என்று நம்மவர் ஒருவர் தமிழில் எழுதிப் படித்த நினைவு எனக்கில்லை. அதிலும் ஜாஸ், ரெகே, மேற்கத்திய செவ்விசை என்றால் பேச்சு உடனே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட எழுத்துக்கு உங்கள் பக்கங்களில் கொஞ்சம் இடம் ஒதுக்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

என் அண்ணன் சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையின் வாடிக்கையாளர். 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்படும் வரை அங்கே இசைத்தட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வீட்டுக்கு மாறியபோது எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக என்னிடம் கொடுத்துவிட்டார். நான் பணி ஓய்வு பெற்றவள், நேரம் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் வார இறுதியில் வந்துவிடுவான். இருவரும் ஒரு தட்டை எடுத்து இரண்டு பக்கமும் கேட்போம். நடுவில் கைபேசியைத் தொடக்கூடாது. கேட்டு முடித்ததும் அதைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். இந்த இரண்டும் நான் போட்ட நிபந்தனைகள்.

முழுதாகக் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். கனடியப் பாடகி ஜோனி மிட்செலின் ‘புளூ’ 1971ல் வந்த தட்டு. அதன் முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டு ‘லிட்டில் கிரீன்’. ஒரு கிட்டார், ஒரு குரல், வேறெதுவும் இல்லை. தாலாட்டுப் போலத் தொடங்குகிறது. கேட்கக் கேட்கத்தான் அந்தக் குழந்தை பாடுகிறவரின் மடியில் இல்லை என்று புரிகிறது. மிட்செல் 1965ல் தனக்குப் பிறந்த பெண் குழந்தையைத் தத்துக் கொடுத்தவர். பல வருடம் அது வெளியே யாருக்கும் தெரியாது. தாயும் மகளும் மறுபடி சந்தித்தது 1997ல்.

பாட்டு முடிந்தபோது பையன் வாயே திறக்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் அடுத்த பாட்டு ‘கேரி’ வந்துவிட்டது. கிரேக்கத் தீவு, கடற்கரை, மது, ஆட்டம் பாட்டம். டல்சிமரின் தந்திகள் துள்ளுகின்றன. அப்படி அழ வைத்துவிட்டு அடுத்த நொடியே இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தேன். பிள்ளையைப் பிரிந்தவளும் மறுநாள் எழுந்து தலை வாரிக்கொண்டு நாலு பேரோடு சிரித்துப் பேசத்தானே வேண்டியிருக்கிறது? அதை இரண்டு பாட்டில் எதிலும் அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் சொல்கிறார். ‘கேரி’யை மட்டும் பிய்த்தெடுத்துத் தன் பட்டியலில் சேர்த்துக் கேட்பவருக்கு அது ஓர் உல்லாசப் பாட்டு, அவ்வளவுதான்.

ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் ‘எக்ஸோடஸ்’ தட்டிலும் இதே கதை. 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் அவரைச் சுட்டார்கள். பிழைத்து லண்டனுக்குப் போய் அடுத்த ஆண்டு வெளியிட்ட தட்டு இது. முதல் பாட்டின் ஒலி எங்கோ தொலைவிலிருந்து கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, பிறகுதான் பக்கத்தில் வருகிறது. முதல் பக்கம் முழுக்கக் குற்றச்சாட்டும் விடுதலைப் பயணமும். தட்டைத் திருப்பிப் போட்டால் காதலும் ஆறுதலும். உலகமே முணுமுணுக்கும் ‘ஒன் லவ்’ கடைசியில் வருகிறது. கடற்கரைக் கடைகளில் ஒலிக்கும்போது அதை நான் காதில் வாங்கியதே இல்லை. அத்தனை கோபத்தையும் கடந்து, குண்டு பாய்ந்த உடம்போடு ஒருவர் வந்து சேர்ந்த இடம் அது என்று தெரிந்த பிறகு அந்தப் பாட்டு எனக்கு வேறு பாட்டாகிவிட்டது.

வரிசையாகக் கேட்பது நமக்குப் புதிதா என்ன? வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் பாடி, ஒன்றை விரிவாக எடுத்து, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விட்டு, துக்கடா என்னும் சிறு பாட்டுகளோடு மங்களத்துக்கு வருவது நம் கச்சேரி. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த பத்ததி. துக்கடாவை முதலில் பாடுங்கள் என்று யாரும் சீட்டு எழுதி அனுப்புவதில்லை. ஆனால் திரைப்பாட்டு என்றால் நம் காது தனித்தனிப் பாட்டுக்குத்தான் பழகியிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும், ஒரு பாட்டுதான் அடங்கும். 1948ல் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீண்ட தட்டு வந்து, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வாசிக்க இடம் கிடைத்த பிறகுதான் தொகுப்பு முழுவதையும் ஒரே படைப்பாக நினைப்பவர்கள் வந்தார்கள். நம் பக்கம் அப்போதும் படத்துக்கு நாலு பாட்டு, வானொலியில் நேயர் விருப்பம். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, தேக்கா கடையில் கேஸட்டில் பதிந்து வாங்கிய தலைமுறை என்னுடையது. இப்போது அந்த வேலையைக் கைபேசியே செய்துவிடுகிறது.

இனி ‘கைண்ட் ஆஃப் புளூ’. இதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959ல் நியூயார்க்கில் இரண்டே அமர்வுகளில் பதிந்த ஜாஸ் தட்டு. முதல் துண்டு ‘சோ வாட்’. பியானோவும் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசி ஓய்கின்றன. அப்புறம் பாஸ் ஒரு வரி கேட்க, மற்றவை இரண்டே ஒலியில் பதில் சொல்கின்றன. சின்ன வயதில் வயலின் கற்றவள் நான். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. மேற்கில் டோரியன் என்று சொல்லும் அந்தச் சுர வரிசை நம் கரகரப்பிரியாவேதான். அதில் 16 தாளச் சுற்று நிற்கிறார்கள். பிறகு மொத்தமும் அப்படியே அரைச் சுரம் மேலே ஏறுகிறது. எட்டே சுற்று. மறுபடி இறங்கி வந்துவிடுகிறார்கள். நம் கச்சேரியில் தம்புரா வைத்த இடத்திலிருந்து சுருதி அசையாது. அதனால் அந்த ஏற்றம் வரும்போது நான் உட்கார்ந்திருந்த தரையே சற்று உயர்ந்ததுபோல் இருந்தது. டிரம்பெட் தனியாகத் தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி கொடுக்கிறார். அது கலைந்து அடங்க வெகுநேரம் ஆகிறது. டிரம்பெட் அந்த ஒலிக்குள்ளேயே நடந்து வருகிறது. “யாருமே அவசரப்படல பெரியம்மா” என்றான் பையன். எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிடவில்லை.

இன்னொன்றும் கவனித்தோம். அண்ணனின் பழைய தட்டில் முதல் பக்கம் என் சுருதிப்பெட்டிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பையன் பின்னால் கைபேசியில் போட்டுக் காட்டிய பதிப்பு இறங்கி இருந்தது. காரணத்தைத் தேடிப் படித்தோம். பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் ஒன்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு செய்ததால் முதல் பக்கத்தின் மூன்று துண்டுகளும் தட்டில் சற்று வேகமாகவே ஓடின. பல்லாண்டு அப்படியே விற்றார்கள், 1990களில்தான் திருத்தினார்கள். உட்கார்ந்து கேட்டிராவிட்டால் இது எங்களுக்கு எப்படித் தெரியும்?

நம் இசையைக் கேட்கவே ஆள் குறைகிறது, இதில் வெளிநாட்டு இசைக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இடமா என்று சிலர் கேட்கலாம். அன்றைக்குக் கரகரப்பிரியா என்றால் என்ன என்று பையன் கேட்டான். தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’வைப் போட்டேன். முழுதாகக் கேட்டான். அதற்குமுன் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் உட்காராத பையன் அவன்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பையும் அப்படித்தான் நான் மறுபடி கேட்டேன். 1986ல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியது. வி.எஸ். நரசிம்மனின் வயலின். நம்மில் பலர் வீட்டில் அது இருக்கிறது. ஆனால் பந்தி நடக்கும்போது பின்னணியில் ஓடுவதற்குத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். எனக்கு அது நெஞ்சு பொறுக்கவில்லை. அதைக் கேட்பதற்குமுன் கிளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ கேட்டிருந்தோம். முதலில் ஒரு பாட்டு, அதற்கு முப்பது விதமான மாற்று வடிவங்கள், கடைசியில் மறுபடி அதே பாட்டு. மாற்றி மாற்றி வருவது மேலே கேட்கும் மெட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கவனித்தால், எல்லாவற்றையும் தாங்குவது கீழே போகும் அடிவரி. கூல்ட் இதை 1955ல் பதிந்தபோது 38 நிமிடம். 1981ல் மறுபடி பதிந்தபோது 51 நிமிடம். அவர் கூடவே முனகுவதும் கேட்கும். இரண்டில் எனக்குப் பின்னதுதான் பிடிக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் பிரிய மனமில்லாமல் வாசிக்கிறார். அந்தக் காதோடு ராஜாவிடம் திரும்பினால், வயலினுக்குக் கீழே செல்லோக்களும் பாஸும் தனியாக ஓர் உரையாடல் நடத்துவது தெரிகிறது. அது அங்கேயேதான் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

கேட்ட எல்லாமே மனதில் ஒட்டியது என்று சொல்ல மாட்டேன். பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ 1967ன் பெரிய சாதனை என்கிறார்கள். ஜார்ஜ் ஹாரிசன் பாட்டில், வில் போட்டு வாசிக்கும் தில்ருபா குரலோடு சேர்ந்து இழையும் இடத்தையும், கடைசிப் பியானோ நாதம் அடங்கும் அந்த நீண்ட நேரத்தையும் விட்டால் எனக்கு அதில் அதிகம் கிடைக்கவில்லை. பையனுக்கு என் மேல் வருத்தம். ஜெர்மானிய மின்னிசைக் குழு கிராஃப்ட்வெர்க்கின் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ஸை அவன் சொன்னபடி அங் மோ கியோவில் எம்ஆர்டி ரயில் ஏறி, தடம் தரைக்கு மேலே ஓடும் பகுதியில் உட்லண்ட்ஸ் வரை கேட்டேன். மின்கருவிகளின் தாளமும் தண்டவாளத்தின் தாளமும் சேர்ந்தும் விலகியும் வந்தன. அது நல்ல அனுபவம். நம்மூர்க்காரர் டிக் லீயின் ‘தி மேட் சைனாமேன்’ 1989ல் வந்தது. ‘ராசா சாயாங்’ பாட்டை அவர் ராப்பாக மாற்றியதில் நான் வளர்ந்த சிங்கப்பூரின் கலவைப் பேச்சு இருக்கிறது. அந்தக் கலவையில் நம் குரல் எங்கே என்று யாராவது ஓர் இளைஞர் தமிழில் எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். மாதம் இருமுறை, வார இறுதிப் பக்கத்தில், ஒரு வாசகர் ஒரு தொகுப்பைப் பற்றி எழுத ஓர் இடம் கொடுங்கள். எந்த மொழியானாலும் எந்த வகையானாலும் சரி. முழுவதையும் வரிசையாகக் கேட்டிருக்க வேண்டும், எந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வேண்டாம். உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கும் அதில் இடம் இருக்கட்டும். அவர்கள் ஹிப்ஹாப், கே-பாப் எழுதினாலும் போடுங்கள். பாட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பேச்சில் கொஞ்சமாவது தமிழில் நடக்கட்டும். ஏப்ரலில் தமிழ் மொழி மாதம் வரும்போது நூலகங்களில் கூடும் வாசிப்பு வட்டங்கள் ஒரு மாலையைக் கேட்பதற்கென்று வைத்துக்கொள்ளலாம். நல்ல ஸ்பீக்கர் இரண்டும், பக்கம் மாறும்போது குடிக்கத் தேநீரும் இருந்தால் போதும்.

முதல் கட்டுரைக்கு நான் தயார். ‘கால் ஆஃப் த வேலி’யை எடுத்துக்கொள்கிறேன். 1967ல் சிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷன் காப்ராவின் கிட்டார் மூன்றும் சேர்ந்து ஓர் இடையனின் ஒரு நாளை விடியலிலிருந்து இரவு வரை சொல்லும் தட்டு. விடிகாலைக்கு ஆஹிர் பைரவ், நம் சக்கரவாகத்துக்கு நெருங்கிய உறவு. அங்கிருந்து ஒவ்வொரு பொழுதுக்கும் ஒவ்வொரு ராகம். 400 சொற்களுக்குள் முடித்துத் தருகிறேன். எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
அங் மோ கியோ