இரண்டு கார்புரேட்டர்களும் ஒழுகாமல் நிற்கின்றன: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய பிட்டர் ஐயா, அட்டன் நகைப் பட்டறைப் பத்தர், பஞ்சிகாவத்தை முதலாளி, மேட்டு லயத்து அத்தை, பக்கத்து வீட்டு மாணவி ஆகியோருக்கு,

வணக்கம். உங்களுக்குத் தனித்தனியே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒருவர் செய்த வேலை மற்றவருக்குத் தெரியாது என்பதாலும், கார்புரேட்டரில் பெற்றோல் ஒழுகும் இதே தொல்லையோடு மலையகத்தில் இன்னும் சில பழைய வண்டிகள் கொட்டகைகளில் கிடப்பதை நான் அறிவேன் என்பதாலும், நடந்ததை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மருந்துச்சாலையில் என் தந்தையார் வேலை பார்த்தபோது, பாவித்த வண்டியாக வாங்கிய ஹொண்டா சீபி 200 மோட்டார் சைக்கிள் அது. 198 சிசி கொள்ளளவு, இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் ஒரு கெய்ஹின் கார்புரேட்டர். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, பின்னர் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கியபோது, இருந்ததை வேறு வண்டிக்கு வைத்துக்கொண்டு, தாங்கியின் அடியில் கொஞ்சம் பெற்றோலோடு இதை நிறுத்திவிட்டேன். தாங்கியை நிரப்பியோ முழுவதும் வடித்தோ வைத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாதது என் பிழைதான். வெற்றிடத்தில் ஈரம் சேர்ந்து துரு பிடித்தது, அடியில் நின்ற பெற்றோல் பிசினாகிவிட்டது.

மறுபடி எடுத்தபோது இரண்டு கார்புரேட்டர்களின் வழிவு குழாயிலும் (அடிக் கிண்ணத்தில் மிகும் பெற்றோலை வெளியே விடும் குழாய்) பெற்றோல் சொட்டியது. முதலில் கொண்டுபோன கராஜில், மலை உயரத்தில் காற்று குறைவு, அதனால்தான் வழிகிறது என்று சொல்லிக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிப் பசை பூசிக் கொடுத்தார்கள். உயரம் கலவையில் காற்றைக் குறைத்துப் பெற்றோலை மிகுதியாக்கும், பிளக்கைக் கறுக்கவைக்கும், ஆனால் கிண்ணத்தை நிரம்பி வழியச் செய்யாது. அந்தப் பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆயிற்று.

பிட்டர் ஐயா, தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டு இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய நீங்கள், வண்டியைத் தொடுவதற்கு முன்பே என்ஜின் எண்ணெய்க் கோலை உருவி முகர்ந்து பார்த்தீர்கள். எண்ணெய் மட்டம் குறிக்கு மேலே ஏறியிருந்தது, பெற்றோல் வாடையும் வீசியது. ஒழுகியது தரையில் மட்டுமல்ல, சிலிண்டர் வழியாக உள்ளேயும் இறங்கியிருந்தது. "இதை உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது தம்பி" என்று நீங்கள் தடுத்திராவிட்டால், நீர்த்துப்போன எண்ணெயில் பெயரிங்குகளைத் தேய்த்திருப்பேன். பிறகு கார்புரேட்டர்களைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைத்து, பழைய சேலைன் போத்தலில் பெற்றோல் ஊற்றி கூரை வளையில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெற்றோல் விட்டுப் பார்த்தீர்கள். வலது பக்கத்தது அப்போதும் சொட்டியது, இடது பக்கத்தது சொட்டவில்லை. தாங்கியின் டேப் மூடியிருந்தும் பெற்றோல் விடுகிறது என்பதையும் அன்றே கண்டுபிடித்தீர்கள். மிதவைகளைச் சுடுநீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, அவை நல்லவை என்று ஒதுக்கி வைத்ததால், தேவையில்லாத ஒரு செலவும் மிச்சமாயிற்று.

கிண்ணத்து மிதவை உயரும்போது பெற்றோல் வரும் வழியை அடைப்பது ஓர் ஊசி. வலது பக்கத்து ஊசியின் நுனியில் வளையம்போல் தேய்ந்த தடமும், அது உட்காரும் இடத்தில் ஒரு துருத் துகளும் இருந்தன. அந்த ஊசியைத் தேடித்தான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு வந்தேன். முதலாளி அவர்களே, கண்ணாடிப் பெட்டியில் பளபளவென்று ஒரு ரிப்பெயார் கிட் இருந்தது. நான் காசை நீட்டியும் நீங்கள் தரவில்லை. என் பழைய ஊசியைக் கேட்டு வாங்கி அளந்து, "நீளம் வேறு, இது போட்டால் இன்னும் வழியும்" என்று உங்கள் தமிழில் சொல்லி அனுப்பினீர்கள். மூன்று வாரங்களுக்குப் பிறகு சரியான ஊசியும் இருக்கையும் இரண்டு சோடி, அட்டன் பஸ்ஸில் பொட்டலமாக வந்தன.

இடது பக்கத்துப் புதிரை அவிழ்த்தவர் பத்தாம் தரம் படிக்கும் பக்கத்து வீட்டு மாணவி. மேசையில் சொட்டாதது வண்டியில் மாட்டியதும் சொட்டுவது எனக்கு விளங்கவே இல்லை. அவர் தகரத் தட்டில் செய்தித்தாள் விரித்து வைத்து, நான்கு நாள் குறிப்பெடுத்தார்: நடு ஸ்டாண்டில் நின்றால் தாள் காய்ந்தே இருக்கிறது, பக்க ஸ்டாண்டில் சாய்ந்தால் நனைகிறது. வழிவு குழாயின் மேல்நுனிக்குச் சற்றுக் கீழே மயிரிழை வெடிப்பு. வண்டி நேராக நிற்கும்போது பெற்றோல் மட்டம் அதைத் தொடுவதில்லை, சாய்ந்தால் தொடுகிறது. எழுபது பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்குத் தோன்றாதது அது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பத்தர் ஐயா, தாலிக்கொடி பற்றவைக்கும் மேசையில் பெற்றோல் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தவனை நீங்கள் விரட்டவில்லை. சவர்க்கார நீரில் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே நெருப்பருகே கொண்டுவர வேண்டுமென்று திருப்பி அனுப்பினீர்கள். மறுநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாய் அடைபடாமல் ஈயம் வைத்து அந்த வெடிப்பை மூடினீர்கள். கூலியாக ஒரு பிளேன்டீ மட்டும் குடித்தீர்கள்.

அத்தை, புளிக் கரைசலைத் தாங்கியில் இரண்டு நாள் ஊறவைத்துச் சங்கிலி போட்டுக் குலுக்கும்படி நீங்கள் சொன்னபோது சிரித்தேன். வந்த செந்நிறத் தண்ணீரைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பச்சோடாவால் அலசி, டேப்பின் ரப்பரையும் மாற்றிய பின், வடிகட்டியில் துரு வரவில்லை.

நுவரெலியா வரை இருமுறை போய்வந்தேன். பக்க ஸ்டாண்டில் இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கடியில் தகரத் தட்டு இன்னும் இருக்கிறது, தாள் காய்ந்திருக்கிறது. பிட்டர் ஐயாவின் ஜப்பானியத் திருப்புளியை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். ஊசியும் இருக்கையுமாக ஒரு சோடி மீதமுள்ளது. இதே வண்டி வைத்திருப்பவர், பழைய ஊசியை அளந்து பார்க்கக் கையோடு கொண்டுவந்தால், அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
வண்டிக்காரன்