விதைக்கு நீல அட்டை, ஆயிலுக்கு வெறும் நம்பிக்கையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில், உயர்ரக சிந்தடிக் எஞ்சின் ஆயிலுக்குச் சான்றிதழ் பார்க்க வேண்டியதில்லை, விலையே தரத்தைச் சொல்லிவிடும் என்று ஒரு வரி. காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடியிலேயே அரைப் பக்கத்துக்கு ஆயில் விளம்பரம் இருந்ததைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

போன தாளடி அறுப்பு சமயம், லிட்டர் 900 ரூபாய் கொடுத்து பைக்குக்கு ஒரு சிந்தடிக் ஆயில் ஊற்றினேன். டின்னில் பந்தய வண்டிப் படம், தங்க எழுத்து; பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியான ‘ஜாசோ எம்ஏ’ கட்டம் மட்டும் இல்லை. பைக்கில் கிளட்ச் தட்டுகளும் எஞ்சின் ஆயிலில்தான் ஊறுகின்றன, உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயில் பட்டால் வழுக்கும், அதற்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998-லேயே அந்தத் தரத்தைக் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? எனக்குத் தெரியவந்தது நீலத்தநல்லூர் கொள்ளிடம் பாலத்தில். பின் சீட்டில் ஒரு மூட்டை உளுந்து. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த வேன்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டார். கிளட்ச் தட்டு மாற்றிய மெக்கானிக் டின்னைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

‘ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) தரத்துக்கு ஏற்றது’ என்று டின்னில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஏபிஐயின் வட்ட முத்திரைக்கு உரிமம் வாங்க வேண்டும். மெர்சிடிஸ் கார் கம்பெனியின் ஆயில் தரம் ஒன்றைச் சொல்லி ‘மெர்சிடிஸ் 229.5-க்குப் பொருந்தும்’ என்பது ஆயில் கம்பெனி சொல்வது. ‘ஒப்புதல் பெற்றது’ என்றால் கார் கம்பெனி சொன்னது. ‘சிந்தடிக்’ என்றால் வேதிமுறையில் உருவாக்கியது என்று நினைப்போம்; அந்தப் பெயரையும் அப்படியே நம்ப முடியாது. காஸ்ட்ரால் மீது போட்டி ஆயில் கம்பெனியான மோபில் கொண்டுபோன புகாரில், கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுத்ததையும் அப்படி அழைக்கலாம் என்று அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 1999-இல் சொல்லிவிட்டது.

சான்றிதழுக்கான சோதனைச் செலவு ஆயில் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாதாம். லிட்டருக்கு 900 வாங்குகிறவர்களுக்கா?

எங்கள் பக்கம் சான்று விதை மூட்டையில் நீல அட்டை இல்லையென்றால் கிழவிகூடத் தொடமாட்டாள். எங்கள் நெல்லுக்கு மட்டும் ஈரப்பதம் 17 சதவீதம் என்று கொள்முதல் நிலையத்தில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். தாண்டினால் மூட்டை வெயிலுக்கு, நாங்கள் மரத்தடிக்கு. அங்கே யாரும் ‘விவசாயி முகமே தரத்தைச் சொல்லிவிடும்’ என்பதில்லை. யூரியா கேட்டால் வேண்டாத டப்பாவையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள் என்று இரண்டு முறை எழுதினேன். பிரசுரமாகவில்லை. மேட்டூர் திறந்தால் மலர் தூவும் படம் மட்டும் தவறாமல் முதல் பக்கத்தில் வருகிறது, மகிழ்ச்சி.

தலையங்கம் கேட்கவில்லை. திருத்தமும் வேண்டாம், தங்கள் வழக்கம் தெரியும். அடுத்த ஞாயிறு நாலு விரல் அகலத்தில், ஏபிஐ வட்டமும் ஜாசோ கட்டமும் எப்படி இருக்கும் என்று படம் போட்டால் போதும். இடமில்லையென்றால் ராசிபலனில் கும்பத்தை ஒரு வாரம் விட்டுவிடுங்கள். என் ராசிதான், இதுவரை பலித்ததில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்