பாலியல் கல்வி: யார், எதை, எந்த வயதில் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் தெருமுனையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ் கண்ணில் படும். பெண்ணின் ஆளுயரப் படம், தாய்மாமன்கள் வரிசை, மேலே கட்சித் தலைவர்கள். அவள் வயசுக்கு வந்த சேதி ஊர் முழுக்கத் தெரியும். அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது, ஏன் மாதாமாதம் வருகிறது என்பது மட்டும் பல வீடுகளில் அவளுக்கே தெரியாது. பாலியல் கல்வி என்ற பேச்சு வந்தால் பெற்றோர் பள்ளியைக் கைகாட்டுகிறார்கள். பள்ளி பெற்றோரைக் கைகாட்டுகிறது. ஊரோ செல்போனைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. "எல்லோருக்கும் பொறுப்பு உண்டு" என்று மேடையில் சொல்வதால் ஆவது ஒன்றுமில்லை. வேலையை வயதுவாரியாகப் பிரித்துக்கொண்டால்தான் நடக்கும்.

முதல் பங்கு வீட்டுக்கு. மூன்று வயதிலேயே தொடங்கவேண்டிய வேலை இது. கண், காது, மூக்கு என்று சொல்லிக்கொடுக்கும் அதே மூச்சில் ஆண்குறி, பெண்குறி, ஆசனவாய் என்ற பெயர்களையும் குளிப்பாட்டும்போது சொல்லிவிடலாம். நாம் "பூ", "குருவி", "பப்பி ஷேம்" என்று செல்லப் பெயர் வைத்துப் பழக்குகிறோம். நாளைக்கு அந்தக் குழந்தை "பக்கத்து வீட்டு அண்ணன் என் பூவைப் பிடிச்சான்" என்று பால்வாடி டீச்சரிடம் சொன்னால், "வேற பூ வாங்கிக்கலாம் கண்ணு" என்றுதான் பதில் வரும்.

பள்ளிகளில் "குட் டச், பேட் டச்" என்று சொல்லித்தருகிறார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் ஓட்டை ஒன்று இருக்கிறது. தவறு செய்பவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர். சாக்லேட், செல்போன் கேம் என்று பழக்கிய பிறகே தொடுகிறார். வலிக்காது, பயமும் இருக்காது, அதனால் குழந்தைக்கு அது "பேட்" என்று படாது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று குழந்தையைத் தீர்ப்பு சொல்லச் சொல்வதைவிட நேரான விதி நல்லது. ஜட்டியும் பனியனும் மறைக்கும் இடத்தை, குளிப்பாட்டுபவரும் அம்மா அப்பா கூட இருக்கும்போது டாக்டரும் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் வந்து சொல்லவேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு போதும். ஆண் பிள்ளைக்கும் இதே விதிதான். 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ சரிபாதி ஆண் பிள்ளைகள்.

பெண் பிள்ளையிடம் மாதவிடாய் பற்றிப் பேச வேண்டியது ஒன்பது வயதில். பலரும் 12, 13 வயதில் வயசுக்கு வருகிறார்கள், சிலர் பத்திலேயே. எட்டாம் வகுப்பு அறிவியலில் "வளரிளம் பருவமடைதல்" என்று தனிப் பாடமே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 13. பாடம் வரும்போது பாதி வகுப்புக்குக் காரியம் முடிந்திருக்கும். ஆகவே இதைப் பாடப்புத்தகத்தின் தலையில் கட்ட முடியாது. ஷூ கம்பெனி வேனுக்கு விடியற்காலையில் ஓடும் அம்மாவுக்கோ, பீடி சுற்றிக் கணக்குக் கொடுக்கும் அம்மாவுக்கோ நேரம் இல்லையென்றால் அத்தை பேசலாம், பாட்டி பேசலாம். பையனிடம் பேச, சீர்த்தட்டு தூக்கத் தெரிந்த தாய்மாமனுக்கு ஐந்து நிமிடம் கிடைக்காதா?

என்ன சொல்வது? ஒரு தடவைக்கு வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. டீக்கடைக் கிளாஸில் பாதிகூட இராது. உடம்பு வற்றிவிடும் என்ற பயம் இந்த ஒரு அளவிலேயே போய்விடும். இரண்டு முதல் ஏழு நாள் இருக்கலாம். முதல் இரண்டு வருடம் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். நாப்கினை நனைந்தாலும் நனையாவிட்டாலும் நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை மாற்றவேண்டும். துணி வைப்பவர்கள் பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசி வெயிலில் காயவைக்கவேண்டும். வெந்நீரில் போட்டால் கறை கெட்டிப்படும். பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தால் ஈரம் போகாது, அரிப்பும் தொற்றும் வரும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, ஏழு நாள் தாண்டினாலோ, மூன்று மாதம் வராமலே போனாலோ, 15 வயதாகியும் வயசுக்கு வராவிட்டாலோ டாக்டரிடம் காட்டவேண்டும். உளுந்தங்களி கொடுங்கள், நல்லது. தனிக் குடிசையில் உட்காரவைத்து "தீட்டு" என்று சொல்வதோடு பாடம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

பையனுக்கு 11 வயதில் சொல்லலாம். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் அல்ல. "இத்தனை துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து" என்று நம் பக்கம் சொல்வது கட்டுக்கதை. விந்து என்பது விதைப்பையில் உருவாகும் உயிரணுக்களோடு புராஸ்டேட் முதலிய சுரப்பிகளில் ஊறும் நீர் கலந்தது. வெளியேறுவதால் நரம்பும் தளராது, கண்ணும் குழி விழாது.

இனி பள்ளி. அந்தப் பாடம் வரும்போது "வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிடுவது ஒரு வழக்கம். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்களிடம் மட்டும் நாப்கின் பற்றிப் பேசுவது இன்னொன்று. பரீட்சைக்குப் படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் விழுந்துவிடும், சந்தேகம் அப்படியே இருக்கும். பாடத்தை இருபாலருக்கும் ஒன்றாகவே நடத்தலாம். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தானாக அடங்கும்.

சந்தேகங்களுக்குக் கேள்விப்பெட்டி வைப்பதே எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி. ஒரு ஷூ பெட்டி போதும், நம் பக்கத்தில் அதற்கா பஞ்சம். மூடியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, ஓரத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் கால்தாள், பெயர் கூடாது. முக்கியமானது இது: கேள்வி இல்லாதவரும் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போடவேண்டும். விருப்பமுள்ளவர் எழுதலாம் என்று விட்டால் மூன்று பேர்தான் எழுதுவார்கள், மீதி வகுப்பு அந்த மூவரையே பார்க்கும். அடுத்த வாரம் பெட்டி காலியாக இருக்கும்.

பெட்டியை வகுப்பில் பிரிக்கக் கூடாது. வீம்புக்கு எழுதிய கேள்வி ஒன்று நிச்சயம் இருக்கும். அதைப் பார்த்து ஆசிரியரின் முகம் மாறினால் வகுப்பு அங்கேயே முடிந்தது. அன்று மாலையே தனியாகத் திறந்து, சீட்டுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உடல் பற்றிய கேள்விகளுக்கு மறுநாள் பதில். 40 நிமிடத்தில் எட்டு, பத்துக்கு மேல் முடியாது. ஆசிரியரின் சொந்த வாழ்க்கையைக் கேட்பவற்றுக்குப் பதில் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். "எங்க வீட்டுக்கு வர ஒருத்தர்..." என்று தொடங்கும் சீட்டு மூன்றாவது வகை. அதை வகுப்பில் படிக்கவே கூடாது. கையெழுத்து யாருடையது என்று நோட்டோடு ஒப்பிட்டு வகுப்பறையில் தேடவும் கூடாது. அன்றே தலைமை ஆசிரியருக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போகவேண்டிய சீட்டு அது. இதனால்தான் பெட்டியைத் திங்கள்வரை பூட்டி வைக்கக் கூடாது என்கிறோம். ஆபத்தான விஷயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் சீட்டு எழுதும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடவேண்டும்.

"பள்ளி பேர் கெட்டுடும்" என்று பேசி முடிக்கப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை, ஊழியர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் வாங்கவேண்டும். பெற்றோர் உடனே குளிப்பாட்டி, துணியைத் துவைத்துவிடுகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், சாட்சியம் அதோடு போய்விடுகிறது. துணியைக் காகிதப் பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் பையில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும் என்பதால் ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போகவேண்டும். எப்.ஐ.ஆர். கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போட எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை.

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களிடம் காதலையும் சட்டத்தையும் சேர்த்தே பேசவேண்டும். 18 வயது நிறையாத பெண் தானே விரும்பிப் போனாலும், சட்டத்தின் முன் அது சம்மதம் ஆகாது. 19 வயதுப் பையன் போக்சோ வழக்கில் உள்ளே போவான். இது தெரியாமலே ஓடுகிறார்கள். செல்போனுக்கும் இதே கதை. குழந்தைகளைக் காட்டும் ஆபாச வீடியோவை அழிக்காமல் வைத்திருப்பதே குற்றமாகலாம். 2024 செப்டம்பர் 23 அன்று இதைச் சொன்ன உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேற்கத்திய சரக்கு என்ற எண்ணம் தவறு என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வைப்பது வீட்டில் இன்றே செய்யக்கூடிய வேலை.

ஊரின் பங்கு என்ன? 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்தது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். அப்படிப்பட்ட ஊரில், ஒரு பையன் அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தின் படியேறினால் "இவனுக்கு என்னமோ" என்று பார்க்கிறோம். அங்கே ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம், விவரம் வெளியே போகாது. எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்கு வீட்டிலிருந்தே பேசலாம். இதைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுத எவ்வளவு செலவாகும்? மஞ்சள் நீராட்டு விழாவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணின் படத்தைத் தெருவில் நிறுத்துவதை மட்டும் விடலாம்.

கடைசியாகத் தங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கு ஒன்று. "சிறுவயதுத் தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா? வேலூர் லாட்ஜில் மாதம் ஒருநாள் வைத்தியர் வருகை" என்ற பாணி விளம்பரங்கள் இன்னும் வருகின்றன. பாலுறவு வலிமைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. வீடும் பள்ளியும் பேசாத இடத்தில் இந்த லாட்ஜ் வைத்தியர்தான் வாத்தியாராக உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கடிதத்தை வெளியிட்டால், அதே பக்கத்தின் அடியில் அவர் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் சிலர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.