ஜூன் 24: ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள்

குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம்.

கவிஞர் கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, சிறுகூடல்பட்டியில். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது சரியாக ஓராண்டு கழித்து, அதே ஜூன் 24 அன்று, பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். சொல்லுக்கும் மெட்டுக்கும் நாள்கூடப் பொருந்தியிருக்கிறது! கவிஞருக்கு இந்த ஆண்டு நூறாவது வயது தொடங்குகிறது என்பதால், வழக்கம்போல் கேக் வெட்டிக் கலைந்துவிடாமல் பாட்டோடு கொண்டாடுவோம்.

நாள்: ஜூன் 24, புதன்கிழமை
நேரம்: மாலை 6.30 முதல் 9 வரை
இடம்: மொட்டை மாடி. மழை வந்தால் கீழ்த்தளக் கூடம்.

1. இருவரும் இணைந்த பாடல்கள் மட்டும். வீட்டுக்கு ஒரு பாடல்.
2. பாடலின் முதல் வரியை ஜூன் 20, சனிக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள். சென்ற ஆண்டு ஒரே பாட்டை நான்கு பேர் பாடினீர்கள், கேட்டவர்கள் பாவம். முந்திப் பதிவிடுபவருக்கே பாடல்.
3. ஆர்மோனியம், தபேலா வைத்திருப்பவர்கள் தெரிவியுங்கள்.
4. சுண்டலும் காப்பியும் சங்கச் செலவு. டம்ளர் மட்டும் அவரவர் கொண்டு வரவும்.
5. நாற்காலி போட நான்கு இளைஞர்கள் 5.30 மணிக்கே தேவை.

வருவோர் எத்தனை பேர் என்பதை வீட்டு எண்ணோடு பதிலிடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது.

– செயலாளர்