மெர்நெய்த் ராஜாவா, ராஜாவோட அம்மாவா?

ராஜி,

மாமியார் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தியே, நிம்மதியா இருந்துச்சுடி. இங்க எல்லாரும் சௌக்கியம். இவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து கிச்சன்ல வந்து நின்னு எனக்கு ரசம் வைக்க சொல்லித் தர்றார், அது தனிக் கதை.

நீ கிளியோபாட்ரா பத்தி எழுதியிருந்த இல்ல, அவளுக்கு கிட்டத்தட்ட 2900 வருஷம் முன்னாடியே ஒருத்தி இருந்திருக்கா, மெர்நெய்த்னு பேரு, எகிப்தோட முதல் வம்சம். 1900ல பிளிண்டர்ஸ் பெட்ரின்னு ஒருத்தர் அங்க அபிடோஸ்ங்கிற இடத்துல அந்தக் காலத்து ராஜாக்கள் சமாதியா தோண்டிட்டு வந்தாரு, இவளோடது மத்ததுக்கு சளைக்காம பெருசா, பேர் வெட்டின கல்லோட இருந்துச்சா, சரி இதுவும் ஒரு ராஜான்னு எழுதிட்டாரு. அப்புறம் பாத்தா பொம்பளைப் பேரு, உடனே ராஜா இல்லன்னு ஆயிடுச்சு. சமாதி என்னவோ அதேதான்!

ஆனா ஒண்ணு, மத்த ராஜாக்கள் பேருக்கு மேல இருக்கிற ஹோரஸ் பருந்து, அதான் ராஜான்னு காட்டுற தெய்வப் பருந்துச் சின்னம், இவ கல்லுல இல்ல. 1985ல அதே இடத்துல களிமண்ல பதிஞ்ச முத்திரை ஒண்ணு கிடைச்சுது, நார்மர், அஹா, ஜெர், ஜெட், டென்னு வரிசையா ராஜாக்கள், கூடவே "ராஜாவோட அம்மா மெர்நெய்த்". இவ புருஷன் அந்த ஜெட் ராஜாவா இருக்கணும், அவர் போனப்ப மகன் டென் சின்னப் பையன், இவதான் நாட்டைப் பாத்துக்கிட்டான்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அதான் சரியாப் படுது. வெறும் அம்மா பாசத்துக்காக ராஜாக்கள் நடுவுல இடம் குடுப்பாங்களா என்ன? பின்னாடி வந்த காஆங்கிற ராஜாவோட முத்திரையில இவ பேரையே காணோம், அதான் கடுப்பு.

2023ல வியன்னா யுனிவர்சிட்டிக்காரங்க இவ சமாதியைத் தோண்டினப்ப நூத்துக்கணக்குல ஒயின் ஜாடி வந்திருக்கு, சிலது மூடி முத்திரைகூடப் பிரிக்காம, உள்ள திராட்சைக் கொட்டையோட, 5000 வருஷத்துக் கொட்டைடி! சமாதி என்னமோ சுடாத செங்கல்லும் களிமண்ணும் மரமும்தான். சுத்தி வேலைக்காரங்க, அரண்மனை ஆளுங்கன்னு 41 குழி இருக்கு, எல்லாரையும் கூடவே பலி குடுத்துட்டாங்கன்னுதான் ரொம்ப நாளா நினைச்சாங்க, இப்ப தோண்டினவங்க இதெல்லாம் ஒரே மூச்சுல கட்டினது இல்ல, ரொம்ப காலமா கொஞ்சம் கொஞ்சமா கட்டினதுங்கறாங்க. அப்போ பலிக் கதை ஆட்டம் காணுது இல்ல?

உன் பொண்ணு ஹிஸ்டரிதானே படிக்கிறா, ராஜாங்கிற பட்டம் இல்லாம ஆண்டவளை ராஜாக்கள் லிஸ்ட்ல சேக்கலாமா கூடாதான்னு கேட்டு எழுது. டிசம்பர்ல வர்றதா இருந்தா முன்னாடியே போன் பண்ணிடு.

கலா