இரண்டு ஸ்வேதாக்கள்

அன்புள்ள ஸ்வேதாக் கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த ரஷ்ய ஹாஸ்டல் வாசலில் கையெழுத்துப் போடுகிறாய். பின்னாலிருந்து "ஸ்வேத்தா!" என்று ஒரு குரல். நீயும் திரும்புகிறாய், சாவி தருகிற அம்மாவும் திரும்புகிறார். அவர் பெயர் ஸ்வெத்லானாவாம், செல்லமாக ஸ்வேத்தாவாம். "என் பேரு இங்க எப்படி வந்துச்சு சித்தி?" என்று கேட்டாய்.

உன் பெயர் அங்கே போகவில்லை, அவர் பெயரும் இங்கே வரவில்லை. சமஸ்கிருதத்தில் 'ஸ்வேத' என்றால் வெள்ளை. ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் வெளிச்சம். இரண்டும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. தமிழ் அந்தக் குடும்பத்து மொழி இல்லை. ஆனாலும் நம் வெள்ளையும் வெளிச்சமும்கூட 'வெள்' என்ற ஒரே அடியிலிருந்து வந்தவைதான்.

வேர் அவ்வளவு பழசு என்றாலும் அந்த அம்மாவின் பெயருக்கு வயது இருநூறு சொச்சம்தான். அதைப் பிரபலமாக்கியது ஒரு கவிஞர் என்றால், முதலில் எழுதியது இன்னொருவர். அந்த முதல் ஆளைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். 1781-இல், இன்றைய எஸ்தோனியாவின் சாரெமா தீவில் பிறந்தவர். ஜெர்மன் வழிக் குடும்பப் பெயர், ஓஸ்டெனெக். ஜெர்மன் மொழியில் 'ஓஸ்டன்' என்றால் கிழக்கு. ரஷ்ய மொழிமேல் அவ்வளவு பிரியம் அவருக்கு. தன் பெயரையே மொழிபெயர்த்து வஸ்தோகவ் ஆனார். 'வஸ்தோக்' என்றாலும் கிழக்குதான், விளாதிவஸ்தோக் என்ற ரஷ்ய ஊர்ப் பெயரில் இருக்கிறதே, அதே சொல். கடுமையான திக்குவாய். எழுத்தில்தான் அவர் வாய் திறந்தது. 1802-இல் 'ஸ்வெத்லானாவும் ம்ஸ்திஸ்லாவும்' என்று ஒரு கவிதை எழுதினார். பழங்காலக் கதை மாதிரி இருக்க வேண்டும் என்று நாயகிக்குப் பழைய ஸ்லாவியப் பெயர்போல ஒன்றைத் தானே உண்டாக்கி வைத்தார். பிற்காலத்தில் பெரிய மொழியியல் அறிஞர் ஆனார். ஆனாலும் அவர் செய்தவற்றில் இந்த ஒரு சொல்தான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

அதைப் பிரபலமாக்கிய கவிஞர் ஷுகோவ்ஸ்கி. 1813-இல் அவர் 'ஸ்வெத்லானா' என்றே ஒரு கதைப்பாடல் வெளியிட்டார். பனிக்கால இரவில் பெண்கள் கூடிக் குறி பார்க்கிறார்கள், காலணியைக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிகிறார்கள். ஸ்வெத்லானா மட்டும் மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணாடி முன் உட்கார்ந்து, ஊரில் இல்லாத காதலனுக்காகக் காத்திருக்கிறாள். ரஷ்யாவே அவளைக் கொண்டாடியது. ஆனால் பெற்றவர்கள் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்க முடியவில்லை. புனிதர்கள் பட்டியலில் இல்லாத பெயரில் திருச்சபை ஞானஸ்நானம் கொடுக்காது. எனக்கு இதுதான் மனதைப் பிசைகிறது. போர்க்கப்பலுக்கு ஸ்வெத்லானா என்று வைத்தார்கள். அந்தக் கப்பலின் பெயரால் 1873-இல் விளாதிவஸ்தோக்கின் முக்கியத் தெரு ஸ்வெத்லான்ஸ்கயா ஆனது. பீட்டர்ஸ்பர்க்கில் மின்விளக்குக்கு வைத்தார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குத்தான் வழியில்லை. ஆசைப்பட்டவர்கள் பதிவேட்டில் ஃபொதீனியா என்று எழுதிவிட்டு வீட்டில் ஸ்வெத்லானா என்று கூப்பிட்டார்கள். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கு அவர்கள் மரபில் அதுதான் பெயர். கிரேக்கத்தில் அதற்கும் ஒளி என்றே பொருள்.

1917 புரட்சிக்குப் பிறகு பெயர்ப் பதிவு திருச்சபையின் கையை விட்டுப் போனது. கதவு திறந்தது. 1926-இல் ஸ்டாலின் தன் மகளுக்கு ஸ்வெத்லானா என்று வைத்தார். 1984-இல் முதன்முதலாக விண்ணில் நடந்த பெண் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. உன் சாவி அம்மா வயதில் அந்த ஊரில் எத்தனையோ ஸ்வெத்லானாக்கள் இருப்பார்கள், பாரேன்.

அடுத்த முறை சாவி வாங்கும்போது, ஞானஸ்நானம் வாங்கியிருந்தால் அது எந்தப் பெயரில் என்று அவரிடம் கேள். ஃபொதீனியா என்று சொன்னால் எத்தனை மணியானாலும் எனக்கு போன் பண்ணு.

உன் சித்தி