அந்த ‘டிப்ரெஷன்’ மனச்சோர்வு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க மாற்றுக் கன்ட்ரி இசையை (பழைய நாட்டுப்புறக் கன்ட்ரியை ராக்கோடு இணைக்கும் வகை) அறிமுகப்படுத்திய கட்டுரையில், அங்கிள் டுபெலோ குழுவின் முதல் இசைத் தொகுப்பான ‘நோ டிப்ரெஷன்’ (1990), ‘மனச்சோர்வு இல்லை’ என்று தமிழாக்கப்பட்டிருந்தது. இங்கே ‘டிப்ரெஷன்’ என்பது பொருளாதார மந்தம். அத்தலைப்புக்கு உரிய பாடல், கன்ட்ரி இசை முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தினர் 1936ஆம் ஆண்டில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே பதிவு செய்தது; மண்ணில் பிழைப்புக்கு வழியற்றவர்கள், விண்ணுலகிலாவது மந்தம் இராது என்று தேற்றிக்கொள்ளும் பக்திப் பாடல் அது. பின்னர் 1995இல் சியாட்டிலில் தொடங்கிய, இவ்வகை இசைக்கான இதழும் இதே பெயரைத்தான் சூட்டிக்கொண்டது. இச்சொல்லின் பொருள் தவறினால், பங்க் ராக் கேட்டு வளர்ந்த இல்லினாய் மாநிலத்துப் பெல்வில் இளைஞர்களான அங்கிள் டுபெலோ குழுவினர் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பாட்டொன்றை எதற்காகத் தேடிப்போனார்கள் என்பது வாசகருக்கு விளங்காது.

கட்டுரையாளர் முதலில் கேட்கப் பரிந்துரைத்திருப்பது, அங்கிள் டுபெலோ பிரிந்தபின் அதிலிருந்து உருவான வில்கோ குழுவின் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ (2002). அருமையான தொகுப்புதான், ஆயினும் கன்ட்ரியின் சாயல் அதில் ஏறக்குறைய கரைந்துவிட்டதால், புதிதாகக் கேட்பவருக்கு அது நல்ல வாசல் ஆகாது. நான் கைகாட்டுவது அங்கிள் டுபெலோவின் ‘மார்ச் 16–20, 1992’ என்ற தொகுப்பை. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில், ஆர்.இ.எம். என்ற ராக் குழுவின் கிதார் கலைஞர் பீட்டர் பக் தயாரிப்பில், பெயரிலுள்ள அந்த ஐந்தே நாள்களில் அது பதிவானது. மின் கிதாரின் இரைச்சலைக் கைவிட்டு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பழம்பாடல்களையும் பழைய கன்ட்ரி இரட்டையர்களான லூவின் சகோதரர்களின் பாடலொன்றையும் தங்கள் சொந்தப் பாடல்களோடு அவர்கள் கலந்து பாடியிருப்பதில், எது பழையது, எது புதியது என்று முதல்முறை கேட்கையில் என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஒவ்வொரு பாடலும் யாருடையது என்று பார்த்து, அதன் மூலப் பதிவைத் தேடிக் கேட்டால், கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரம் 1950களின் பிற்பகுதியில் மெருகேற்றுவதாக எண்ணி ஃபிடில் என்னும் வயலினையும் ஸ்டீல் கிதாரையும் ஓரங்கட்டுவதற்கு முன்பிருந்த இசைக்கு நாமாகவே போய்ச் சேர்ந்துவிடலாம்.

1994இல் அங்கிள் டுபெலோ பிரிந்தபின் அதன் பாடகர்களுள் ஒருவரான ஜே ஃபரார் அமைத்த சன் வோல்ட் குழுவின் ‘டிரேஸ்’ (1995) அடுத்துக் கேட்கத் தக்கது. அதில் வரும் பெடல் ஸ்டீலின் (மிதிகட்டைகள் கொண்ட ஸ்டீல் கிதார்) இழைவு, வீணையின் கமகத்துக்குப் பழகிய செவிக்கு அந்நியமாகப் படாது என்பது என் அனுபவம். பாடகி லூசிண்டா வில்லியம்ஸ் பெயர் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோகிறது. பதிவுகள் மனத்துக்கு ஒப்பாமல் திரும்பத் திரும்பப் பாடி, பல ஆண்டு இழுபறிக்குப் பின் 1998இல் அவர் வெளியிட்ட ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ தொகுப்புக்காவது ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

தலைப்புப் பிழையைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்தொடரில் கார்ட்டர் குடும்பத்தைப் பற்றி எழுத நேர்ந்தால், அக்குழுவின் ஏ.பி. கார்ட்டர் பாடல் சேகரிக்க ஊர் ஊராகச் சென்றபோது உடன்போய், அவர் வரிகளைக் குறித்துக்கொள்ள மெட்டுகளைத் தம் நினைவில் ஏந்தி வந்த கறுப்பினக் கிதார் கலைஞர் லெஸ்லி ரிடில் பெயரையும் விடாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.